லயன்ஸ் ரிவரில் ஒரு காலைப்பொழுது

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் மழை இன்னும் சரியாகத் தொடங்கவில்லை. செப்டம்பரில் பல ஓடைகளில் கல்தான் தெரியும். ஆனால் லயன்ஸ் ரிவர் பாய்ந்து ஓடுகிறது! மிட்மார் அணைக்காக மூய் ஆற்றுத் தண்ணீரைப் பம்ப் செய்து, ம்போஃபானா ஓடை வழியாக இதற்குள் விடுகிறார்கள். பம்ப் ஓடும் நாட்களில் இந்தச் சின்ன ஆற்றுக்குத் தனி வேகம்.

அக்கா மகளோடு இருவர் உட்காரும் கயாக்கில், அதாவது ஒடுக்கமான துடுப்புப் படகில் இறங்கினேன். சில இடங்களில் துடுப்பை முழுதாக வீசக்கூட முடியாத குறுகல். கரையில் வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன, நின்று ரசிக்க நேரம் ஏது? "மாமா, குனியுங்க!" என்று முன்னாலிருந்து அவள் கத்த, வில்லோ கிளை ஒன்று என் ஹெல்மெட்டை உரசிக்கொண்டு போனது.

இங்கே பாறையைவிட விழுந்து கிடக்கும் மரம்தான் ஆபத்து. கிளைகளுக்கு நடுவே தண்ணீர் போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார். படகு அதில் ஒட்டிக்கொண்டால் மரத்தின் பக்கமே சாய வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் நீரோட்டம் ஏறிப் படகைக் கவிழ்த்துவிடும். அதனால் வளைவுக்கு அப்பால் தெரியாத இடங்களில் கரையேறிப் பார்த்துவிட்டே போனோம்.

டர்பன், மாரிட்ஸ்பர்க் பக்கம் நம் பிள்ளைகள் பலரும் டூசி படகுப் போட்டியைப் பாலத்தில் நின்று பார்ப்பதோடு சரி. நீந்தத் தெரிந்தவர்கள், ஆசை இருந்தால் சொல்லுங்கள். லைஃப் ஜாக்கெட் நான் கொண்டு வருகிறேன்.