பழைய கணக்கைப் புதிய மென்பொருளுக்கு மாற்றியபோது திகதிகள் படுத்திய பாடு

இலங்கையின் மட்டக்களப்பில், ஆரையம்பதிப் பக்கம் ஒரு சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம். அதன் கணக்குகளைப் பழைய மென்பொருளில் இருந்து இணையவழிப் புதிய மென்பொருளுக்கு மாற்றிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்த பெயர்களை யூனிகோடாக்குவதுதான் பெரும்பாடாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அதற்கு மாற்றிகள் தாராளமாகக் கிடைப்பதால் அது ஒரு மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. பங்குப் பணமும் கடன் மீதியும் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தன. ஆளை இழுத்தடித்தவை திகதிகள்தான்.

பழைய மென்பொருள் அக்சஸ் என்ற தரவுத்தளத்தில் செய்தது. அதில் பிறந்த திகதி திகதியாக இல்லை, வெறும் எழுத்தாக இருந்தது. வேலைக்கு வந்து போன ஒவ்வொருவரும் தம் கைப்பழக்கப்படி 3/4/75 என்றும் 03.04.1975 என்றும் 3-4-75 என்றும் அடித்திருந்தார்கள். அதுவாவது பரவாயில்லை. அதிலிருந்து எடுத்து எனக்குக் கிடைத்த சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) முன்பே யாரோ எக்செலில் திறந்து, சேமித்தும் வைத்துவிட்டார்கள். மூலக் கணினியின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போயிருந்ததால் வேறு பிரதியும் இல்லை.

அந்த அலுவலகக் கணினி அமெரிக்க முறைத் திகதியில் இருந்தது, அதாவது மாதம் முன்னால், நாள் பின்னால். அதனால் ஏப்ரல் 3 என்று எழுதப்பட்ட 3/4/75 மார்ச் 4 ஆகிவிட்டது. 25/4/75ஐ மாற்ற முடியாது, 25ஆம் மாதம் என்று ஒன்று இல்லையே. அது எழுத்தாகவே நின்றது. ஆக, நாள் 12ஐத் தாண்டியவை தப்பின, 12க்குள் இருந்தவை புரண்டன. எக்செலில் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்: திகதியாக மாறியவை பெட்டியின் வலது ஓரத்திலும் எழுத்தாக நின்றவை இடது ஓரத்திலும் ஒட்டியிருக்கும். சிஎஸ்வி கோப்பை ஒருபோதும் இரட்டைக் கிளிக் செய்து திறக்க வேண்டாம். எக்செலுக்குள் இருந்து இறக்குமதி செய்து, திகதிப் பத்தியை 'எழுத்து' என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டு இலக்க வருடம் இன்னொரு கூத்து. எக்செல் வழக்கமாக 00 முதல் 29 வரை உள்ளதை 2000களிலும், 30 முதல் 99 வரை உள்ளதை 1900களிலும் வைக்கும். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளம் 69 வரைக்கும் 2000களில் வைக்கும். 1952இல் பிறந்த பெரியவர் ஒன்றில் 1952, மற்றதில் 2052. பரீட்சார்த்தமாக ஏற்றிப் பார்த்தபோது, இன்னும் பிறக்காத உறுப்பினர் பலர் கடன் எடுத்து ஒழுங்காகக் கட்டியும் முடித்திருந்தார்கள்.

சரி, புரண்ட திகதியை எப்படிக் கண்டுபிடிப்பது? கைகொடுத்தது அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டியிருக்கும். 2016இல் வந்த 12 இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், வருடம் மட்டும் நான்கு இலக்கமாக இருக்கும். ஏப்ரல் 3 என்றால் 094, பெண்ணென்றால் 594. மார்ச் 4 என்றால் 064 அல்லது 564. இரண்டையும் ஒப்பிட்டால் எது உண்மை என்று உடனே தெரிந்துவிடும். வருடச் சிக்கலும் இதிலேயே தீர்ந்தது.

இதில் ஒரு பொறி உண்டு. அடையாள அட்டைக் கணக்கு எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் வைக்கிறது. 1975 ஜனவரி 1இல் இருந்து நேராக எண்ணினால் 94ஆவது நாள் ஏப்ரல் 4 ஆகிவிடும், லீப் அல்லாத வருடங்களில் மார்ச் 1இல் இருந்து பிறந்த எல்லோரும் ஒரு நாள் பிந்திப் பிறப்பார்கள். நாளையும் மாதத்தையும் 2000 போன்ற ஒரு லீப் வருடத்தில் வைத்துக் கண்டுபிடித்து, அதற்குப் பிறகு உண்மையான வருடத்தைப் பொருத்துவதுதான் வழி.

பிறந்த திகதிகள் இப்படி ஒழுங்குக்கு வந்தன. அப்புறம்தான் சங்கத்தில் சேர்ந்த திகதிகள் வேலையைக் காட்டின. அவை கோப்பில் சுத்தமாகவே இருந்தன. ஆனால் புதிய மென்பொருளில் ஏற்றியதும் 1ஆம் திகதி சேர்ந்தவர்கள் முந்தின மாதத்தின் கடைசி நாளில் தெரிந்தார்கள். எல்லோரும் இல்லை. 1994இல் சேர்ந்தவர்கள் சரி, 2009இல் சேர்ந்தவர்களும் சரி. நடுவில் ஒரு பத்து வருடம் மட்டும் பிழை. மணியையும் சேர்த்துக் காட்டச் சொன்னபோது பெரும்பாலானவற்றில் முந்தின நாள் 23:30 என்றும், 1996இன் சில மாதங்களுக்கு மட்டும் 23:00 என்றும் வந்தது. அந்த அரை மணி வித்தியாசம்தான் காட்டிக்கொடுத்தது.

இலங்கை 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது, யூடிசி என்ற உலகப் பொது நேரத்தை விட ஆறரை மணித்தியாலம் முன்னே. அதே வருடம் ஒக்டோபரில் அதை ஆறாகக் குறைத்தது. 2006 ஏப்ரலில், புத்தாண்டு முடிந்த கையோடு, பழையபடி ஐந்தரைக்குத் திரும்பியது. புதிய மென்பொருள் திகதியை நள்ளிரவு 00:00 என்ற நேரமாக எடுத்து, இந்த வரலாற்றையெல்லாம் சரியாகப் பார்த்து யூடிசிக்கு மாற்றிச் சேமித்தது. திரும்பக் காட்டும் பக்கமோ எப்போதும் ஐந்தரையை மட்டும் கூட்டியது. உள்ளே போகும்போது ஆறு கழித்து, வெளியே வரும்போது ஐந்தரை கூட்டினால் நள்ளிரவு முந்தின நாள் பதினொன்றரை ஆகத்தானே செய்யும்.

இதைச் சங்கத்தின் முகாமையாளர் அக்காவிடம் விளக்கப் போனால், அவர் என்னை விட நன்றாக விளக்கினார். "தம்பி, அந்த நேரம் மண்முனைத் துறையில எட்டரைக்கு ஓடம் ஏறினா, கொக்கட்டிச்சோலைப் பக்கம் இறங்கும்போது எட்டு மணி அஞ்சு நிமிசம்!" புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்கள் நேர மாற்றத்தை ஏற்கவில்லை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்கு ஒரு நேரம், மேற்கே கொக்கட்டிச்சோலை இருக்கும் படுவான்கரைக்கு இன்னொரு நேரம். கணினிகளில் இருக்கும் நேர வலயப் பட்டியலில் கொழும்புக்கு மட்டும்தான் வரி உண்டு, வாவிக்கு அப்பால் ஓடிய மணிக்கூட்டுக்கு இல்லை. அக்கரை உறுப்பினர் ஒருவர் சேர்ந்த நள்ளிரவு எது என்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அவர் சேர்ந்தது 1ஆம் திகதி, அவ்வளவுதான். அதற்குள் மணியைக் கொண்டுவந்து நுழைத்ததே வேண்டாத வேலை என்பது என் கட்சி.

மென்பொருள் தந்தவர்கள் காட்டும் பக்கத்தைத் திருத்துகிறோம் என்றார்கள். நான் ஒப்பவில்லை. பிறந்த திகதி, சேர்ந்த திகதி, தவணைத் திகதி மூன்றையும் மணியே இல்லாத திகதி வகைக்கு மாற்றித் தரும்படி கேட்டேன். பணம் கட்டிய நேரம் போன்றவை யூடிசியிலேயே இருக்கட்டும், அங்கே மணி உண்மையிலேயே தேவை. கொஞ்சம் முணுமுணுத்தாலும் செய்து கொடுத்தார்கள்.

கடைசி ஏற்றத்துக்கு முன் எல்லாவற்றையும் முதலில் வெறும் எழுத்தாக ஒரு தற்காலிக அட்டவணையில் போட்டு, வருடம்-மாதம்-நாள் ஒழுங்குக்கு மாற்றி, மாறாதவற்றைத் தனியே ஒதுக்கினேன். பிறகு பழைய பேரேட்டில் எழுந்தமானமாகப் பக்கங்களைப் புரட்டி அக்கா வாசிக்க, நான் திரையில் சரிபார்த்தேன். அடையாள அட்டைத் திகதியும் கோப்பில் உள்ள திகதியும் எப்படிப் புரட்டினாலும் பொருந்தாத சிலர் மிஞ்சினார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் அட்டையில் இன்னொன்றும் உள்ளவர்கள் அவர்களில் இருக்கலாம். அந்தப் பெட்டிகளைக் காலியாக விட்டுப் பெயர்ப் பட்டியலை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். சந்தா கட்ட வரும்போது சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லி அவர் ஒவ்வொருவராக நிரப்பி வருகிறார்.