நான்கு கேள்விகளில் நம்பிக்கையின்மை: ஓர் ஆய்வேட்டு அனுபவம்

பொதுமக்களிடையே நம்பிக்கையின்மையை அளப்பதை முதுநிலை உளவியல் ஆய்வேட்டின் தலைப்பாக எடுத்துக்கொண்டபோது, அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக்கும் உடன் ஆய்வாளர்களும் 1974இல் வெளியிட்ட அளவுகோலைத் தமிழாக்கிக் கொடுத்தாலே போதும் என்று எண்ணியிருந்தேன். அதில் 20 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு என்று விடையளிக்க வேண்டும்; மதிப்பெண் கூடக் கூட நம்பிக்கையின்மை மிகுதி. அதன் நம்பகத்தன்மைக் கெழு (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்; உச்சம் 1) 0.93 என்பதைப் பெருமையாக எழுதிய நான், அந்த எண் தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 294 பேரிடம் கிடைத்தது என்பதைக் குறிப்பிடத் தவறியிருந்தேன். நெறியாளர் சிவப்பு மையால் வட்டமிட்ட முதல் இடம் அதுதான். பொதுமக்களில் பெரும்பாலோர் சுழியத்தை ஒட்டியே மதிப்பெண் பெறுவதால் விடைகளில் வேறுபாடு குறைகிறது. வேறுபாடு குறைந்தால் கெழுவும் இறங்கிவிடும்.

முன்னோட்டத்தில் மொழியே பெரிய இடராக நின்றது. தமிழில் நம்பிக்கை என்ற ஒரே சொல் கடவுள் மேல் வைப்பதையும், மனிதர் மேல் வைப்பதையும், நாளையின் மேல் வைப்பதையும் குறிப்பதால், சிலர் தங்கள் பக்தியைப் பற்றியே பேசத் தொடங்கினர். அச்சொல்லைத் தவிர்த்து, ‘இனி விடிவு உண்டு’ என்ற வழக்கைக் கையாண்ட பின்னரே பேச்சு எதிர்காலத்துக்குத் திரும்பியது. எதிர்மறைக் கூற்றுக்குத் ‘தவறு’ என்று விடையளிப்பதும் பலரைக் குழப்பியது. “ஆமாம், அப்படி இல்லை” என்று ஒரு பெரியவர் சொன்னதை எந்தக் கட்டத்தில் குறிப்பது?

சுருக்கிய வடிவங்களைத் தேடியது அதன் பிறகுதான். ஹாங்காங்கில் யிப், சியுங் இருவரும் 2006இல் 4 கூற்றுகள் கொண்ட வடிவத்தை முன்வைத்தனர். பின்லாந்தின் குவோப்பியோ பகுதியில் 2428 ஆண்களைப் பின்தொடர்ந்து 1996இல் வெளியான ஆய்வு இரண்டே கேள்விகளைப் பயன்படுத்தியது. ஆனால் சுருக்கத்துக்கு விலை உண்டு. கூற்றுகளின் எண்ணிக்கை மாறினால் கெழு எவ்வளவு மாறும் என்று கணக்கிடும் ஸ்பியர்மன்–பிரவுன் சூத்திரப்படி, 0.93 கெழுவுள்ள 20 கூற்றுகளை 4 ஆகக் குறைத்தால், கூற்றுகள் யாவும் ஒத்த தரமுடையவை எனக் கொண்டாலும், கெழு ஏறத்தாழ 0.73 ஆகும். இரு குழுக்களின் சராசரியை ஒப்பிட இது போதும். ஒரு தனி மனிதரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல என் கருத்தில் போதாது.

இதை உணராமல் நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். 1958 புறநோயாளிகளைக் கொண்டு 1990இல் வெளியான ஆய்வில், பின்னர் தற்கொலையால் இறந்த 17 பேரில் 16 பேர் முன்பே 9 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் பெற்றிருந்தனர். 20க்கு 9 என்ற அந்த எல்லையை 4 கூற்று வடிவத்துக்காக விகிதம் பார்த்து ‘நான்கில் இரண்டு’ என்று மாற்றி எழுதியிருந்தேன். கூற்றுகள் மாறினால் வெட்டுப்புள்ளியை, அதாவது ஆபத்து மிகுந்தோரைப் பிரிக்கும் எல்லை மதிப்பெண்ணைப், புதிய தரவிலிருந்தே காண வேண்டும்; வாய்மொழித் தேர்வில் இது கட்டாயம் கேட்கப்படும்.

வினாத்தாளின் கடைசிப் பக்கத்தில், மதிப்பெண் எதுவானாலும் எல்லாருக்கும் தெரியும்படி, இந்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416ஐப் பெரிய எழுத்தில் அச்சிட்டுவிடுங்கள். நான் அதை இரண்டாம் சுற்றில்தான் சேர்த்தேன்.