அம்மாவுக்கு ஒரு வீடியோ கேம்

உடம்பை அசைச்சு ஆடுற வீடியோ கேம் பசங்களை விட வயசான பெண்களுக்குத்தான் ரொம்ப உபயோகம்னு நான் நம்புறேன். ஏன்னா மாதவிடாய் நின்னதுக்கப்புறம் ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சு எலும்பு வேகமா வலுவிழக்க ஆரம்பிக்குது, தசையும் வயசோட சேர்ந்து வத்திடுது, அந்த நிலைமைல பாத்ரூம்ல ஒரு தடவை வழுக்கினா இடுப்பெலும்பு முறிஞ்சு படுக்கையோட போயிடறவங்க எத்தனை பேர். வெயிட் குறையறதெல்லாம் அப்புறம், முதல்ல கீழ விழாம இருக்கணும்.

2007ல நிண்டெண்டோ கம்பெனி அவங்களோட வீ (Wii)ங்கற கேம் மெஷினுக்கு வீ ஃபிட்னு ஒரு கேம் விட்டாங்க. அதோட வர்ற பேலன்ஸ் போர்டுல நாலு மூலைலயும் சென்சார், ஏறி நின்னா நம்ம பாரம் எந்தப் பக்கம் விழுதுன்னு திரைல ஒரு சிவப்புப் புள்ளி காட்டிடும். நேராத்தான் நிக்கறோம்னு நினைப்போம், புள்ளி ஒரு ஓரமா ஒதுங்கி நிக்கும்! முட்டிவலிக்குப் பயந்து ஒரே கால்ல பாரம் போட்டுப் பழகினவங்களுக்கு இது பளிச்சுனு தெரியும். அதுல பந்தை ஓட்டைல விழ வைக்கற ஆட்டம் ஒண்ணு, உடம்பை மெதுவா சாய்ச்சாத்தான் பந்து உருண்டு போய் விழும், அவசரப்பட்டா ஓரத்துல தவறிப் போயிடும். அந்தப் பந்தைப் பாத்துக்கிட்டே இருக்கும்போது கணுக்கால், தொடை, இடுப்பு எல்லாம் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். ஒத்தக்கால்ல நில்லுங்கன்னு டாக்டர் சொன்னா ரெண்டு நாள் செஞ்சுட்டு விட்டுடறவங்க கூட இங்க ஸ்கோருக்காக இன்னொரு தடவைன்னு ஏறி நிப்பாங்க.

இப்ப அந்த வீ மெஷினைத் தயாரிக்கறதில்லை, பழசுதான் கிடைக்கும். அதே கம்பெனி ஸ்விட்ச்ங்கற மெஷினுக்கு 2019ல விட்ட ரிங் ஃபிட் கேம்ல, கூடவே வர்ற வளையத்தைக் கையால அழுத்தணும், நின்ன இடத்துலயே ஓடணும், கஷ்டத்தையும் நமக்கு ஏத்த மாதிரி குறைச்சு வச்சுக்கலாம்.

ஆனா சோஃபால உக்காந்து மணிக்கட்டை மட்டும் ஆட்டி, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கற பவுலிங் கேம் ஆடினா இதுக்கெல்லாம் பிரயோஜனமே இல்லை. 65 வயசு தாண்டினவங்க வாரத்துக்கு மூணு நாளாவது பேலன்ஸும் தசை பலமும் சேர்ந்த பயிற்சி செய்யணும்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது, அதுல ஒரு பங்கைத்தான் கேம் தரும், நடையை நிறுத்திடக் கூடாது.

அம்மாவுக்குத் தலைசுத்தல் இருந்தாலோ ஆபரேஷன் ஆகியிருந்தாலோ டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க. கால்மிதியை எடுத்துடுங்க, பிடிச்சுக்க கனமான நாற்காலி ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும், போர்டுல இருந்து இறங்கும்போது கீழ பாத்து இறங்கச் சொல்லுங்க. முதல்ல கொஞ்ச நாள் நீங்களும் கூட ஆடுங்க, எந்த பட்டன் எதுக்குன்னு பெரிய எழுத்துல எழுதி டிவி பக்கத்துல ஒட்டி வச்சுடுங்க, நீங்க இல்லாதப்பவும் அவங்களே ஆன் பண்ணிப்பாங்க.