தண்ணீரைத் தேக்கித் தீயைத் தடுக்கும் கலிமந்தான் கிராமங்கள்

பாலங்கராயாவிலிருந்து தெற்கே பூலாங் பிசாவ் போகும் சாலையோரக் கால்வாய்களில் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் நிற்கிறது. இந்தோனேசியாவில், போர்னியோ தீவிலுள்ள மத்திய கலிமந்தான் மாகாணத்தின் பீட் நிலம் இது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இலையும் வேரும் மரமும் முழுதாக மட்காமல் நீரில் ஊறிச் சேர்ந்த மண். ஈரம் இருக்கும்வரை பயமில்லை. காய்ந்தால் மண்ணே எரியும், அதுவும் அடியில்.

1990-களின் நடுவில் அப்போதைய அதிபர் சுகார்த்தோவின் அரசு நெல் விளைவிக்கப் போவதாகச் சொல்லி, சுமார் 10 லட்சம் ஹெக்டேர் திட்டத்துக்காக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் வெட்டியது. நெல் விளையவில்லை, நிலத்தின் நீர்தான் வடிந்தது. 1997-ல் பெரும் தீ. 2015-ல் மறுபடியும், அந்த வருடம் இந்தோனேசியா முழுக்க எரிந்தது ஏறக்குறைய 26 லட்சம் ஹெக்டேர்.

அதனால் இங்கே தீயணைப்பு என்பது தீ வருவதற்குப் பல மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது. 'மாஸ்யாராகாட் பெடுலி அப்பி' என்ற கிராமத் தன்னார்வக் குழுவினர் ஒரு கால்வாய்த் தடுப்பைக் காட்டினார்கள். இரண்டு வரிசை மரக்கம்பங்கள், நடுவே மண் மூட்டைகள். மேல்பக்கம் தண்ணீர் விளிம்பைத் தொடுகிறது, கீழ்ப்பக்கம் நன்றாக இறங்கியிருக்கிறது. சாகுபடி நிலத்தில் நீர்மட்டம் தரையிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது 2014-லிருந்து அங்கே அரசு விதி. நடுவில் படகு போக ஒரு இடைவெளி விட்டிருந்தார்கள். மீன் பிடிக்கப் போகிறவர்களைக் கேட்காமல் வழியை அடைத்தால் தடுப்பு நிலைக்காது. இந்தக் கணக்கு ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஆழ்துளைக் கிணறு. பீட் மண்ணைத் தாண்டிக் கீழே போகும் பிளாஸ்டிக் குழாய். கையில் தூக்கிப் போகிற பெட்ரோல் பம்பைப் பொருத்தினால் தண்ணீர் கொட்டுகிறது. ஆறு தூரமாக இருக்கிற இடத்தில் இதுதான் கதி. தீப்பிடித்த இடத்தில் பம்பின் குழாய் முனையை மண்ணுக்குள் செருகி, அந்த இடம் சேறாகிக் குழையும்வரை பீய்ச்சுகிறார்கள். பிறகு ஒருவர் குனிந்து மண்ணைக் கையால் தொட்டுப் பார்க்கிறார். சூடு இருந்தால் மறுபடியும் பீய்ச்ச வேண்டும். தீ மேலே அணைந்த மாதிரி தெரிந்தாலும் அடியில் ஊர்ந்து வேறு இடத்தில் கிளம்பிவிடும்.

இங்குள்ள பழங்குடிகளான தயாக் மக்கள் தலைமுறைகளாகச் சிறு துண்டு நிலத்தை எரித்து, அக்கம்பக்கத்தாரோடு காவல் நின்று நெல் போட்டவர்கள். எரிக்கத் தடை கடுமையானபோது பலருக்கு அந்த விவசாயமே நின்றது. கால்வாய் வெட்டியது இவர்கள் அல்ல. கோடையில் தங்கள் வேலையை விட்டுவிட்டு ரோந்து போகிறவர்கள் இவர்கள்தான். எரிக்காமல் நிலம் திருத்த ஆகும் செலவை அவர்கள் தலையில் மட்டும் சுமத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.