மகேந்திரன் குறைத்த வசனங்கள்

9 வருடமாக சீரியலுக்கு வசனம் எழுதுகிறேன். காலை 7 மணிக்குள் சீன் பேப்பர் வாட்ஸாப்பில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஆட்கள் பேசிக்கொண்டே இருந்தால்தான் எபிசோடு நிறையும் என்று பழகிய கை. அதனால்தானோ என்னவோ, இயக்குநர் மகேந்திரன் வந்த வழி அடிக்கடி மனதில் வந்து நிற்கிறது.

இளையான்குடிக்காரர். 1958இல் காரைக்குடி அழகப்பா கல்லூரிக்கு எம்.ஜி.ஆர். வந்தபோது, மாணவராக இருந்த இவர் அவரை வைத்துக்கொண்டே தமிழ் சினிமாவின் செயற்கைத்தனத்தை மேடையில் விமர்சித்தார். எம்.ஜி.ஆர். பாராட்டிவிட்டுப் போனார். பிற்பாடு, சட்டம் படிக்கச் சென்னை வந்து படிப்பைத் தொடர முடியாமல் பத்திரிகையில் வேலை பார்த்தவரைக் கூப்பிட்டு, கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னுக்குத் திரைக்கதை எழுதச் சொன்னதும் எம்.ஜி.ஆர்.தான். எம்.ஜி.ஆர். அந்தப் படத்தை எடுக்கவே இல்லை. அப்புறம் துக்ளக் பத்திரிகையில் வேலை, சிவாஜி கணேசன் படங்களுக்குக் கதை வசனம். மேடையில் வெற்றி பெற்ற ‘தங்கப்பதக்கம்’ 1974இல் படமானபோது, சிவாஜி நடித்த போலீஸ் அதிகாரி சௌத்ரி பேசப் பேசக் கைதட்டல்.

வசனம்தான் அவருக்குச் சோறு போட்டது. ஆனால் 1978இல் வெளியான, தான் இயக்கிய முதல் படமான ‘முள்ளும் மலரும்’ எடுக்கும்போது அதைத்தான் அவர் முதலில் குறைத்தார். பேச வேண்டிய இடங்களைப் பாலுமகேந்திராவின் கேமராவுக்கும் இளையராஜாவுக்கும் விட்டுக்கொடுத்தார். கடைசிக் காட்சியில், தங்கை தன்னிடமே ஓடிவந்த பிறகு, ரஜினி நடித்த காளி, இன்ஜினியரோடு அவள் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறான். வழக்கமாக அந்த இடத்தில் மன்னிப்பும் கண்ணீருமாக இரண்டு பக்கம் எழுதுவோம். காளியோ, இப்போதும் உங்களைப் பிடிக்கவில்லை என்று இன்ஜினியர் முகத்துக்கு நேராகச் சொல்கிறான். அவன் மாறவில்லை, இறங்கி மட்டும் வருகிறான். கைதட்டல் வாங்கும் வசனத்தை எழுதத் தெரிந்தவர் அதை வேண்டாம் என்று வைத்தாரே, அந்தத் துணிச்சலைத்தான் நான் வணங்குகிறேன். அடுத்த வருடமே ‘உதிரிப்பூக்கள்’.

போன மாதம் ஒரு சீன். மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறான், அம்மா பேசுகிறாள். மூன்று பக்கம் எழுதியிருந்தேன். அன்றைக்குப் பார்த்து அம்மாவாக நடிப்பவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஸ்பாட்டுக்குப் போய், பேப்பரை வாங்கி, “சாப்பிட்டுட்டுப் போப்பா” என்ற ஒரே வரியை விட்டுவிட்டு மீதியை அடித்தேன். கை நடுங்கத்தான் செய்தது.

டேக் போனது. அந்த அம்மா பெட்டியில் சட்டையை மடித்து வைக்கப் போனார். நின்றார். ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து, தன் சேலையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, அந்தப் பொத்தானுக்குக் கீழே குத்திவிட்டு, மறுபடி மடித்து வைத்தார். அப்புறம்தான் அந்த வரியைச் சொன்னார், பாதிக் குரலில்.

பொத்தான் என் பேப்பரில் இல்லை. ஊசியும் இல்லை. கட் சொல்ல யாருக்கும் உடனே வாய் வரவில்லை.