பிறந்த குட்டிகளின் நுரையீரல் கொழுப்பை அளந்த அனுபவம்: முதல் தொகுதி முழுவதும் வீணானது ஏன்?

சுண்டெலிக் குட்டிகளின் நுரையீரலிலுள்ள லிப்பிடுகளை, அதாவது கொழுப்புப் பொருட்களை, அளக்கும் என் ஆய்வில் இரண்டாம் தொகுதிக் குட்டிகளின் அளவீடுகள் சென்ற வாரம்தான் கைக்கு வந்தன. முதல் தொகுதியை முழுவதுமாக இழந்த பிறகு கிடைத்தவை என்பதால், இதே வேலையில் இறங்கவிருப்பவர்களுக்காக நான் எங்கெங்கே தவறினேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

சுண்டெலிக் குட்டி பிறக்கும்போது அதன் நுரையீரல், குறைமாதக் குழந்தையின் நுரையீரலைப் போலவே, காற்றுச் சிற்றறைகள் பிரியாத நிலையில் இருக்கிறது. அந்தப் பருவத்தில் 21 சதவீதத்துக்குப் பதிலாக 85 சதவீத ஆக்சிஜனைச் சுவாசித்தால் அங்குள்ள லிப்பிடுகளுக்கு என்ன நேர்கிறது என்பதே என் கேள்வி.

முதல் தடை விலங்கு நெறிமுறைக் குழுவின் அலுவலகத்தில் வந்தது. வளர்ந்த எலிகள் மிகை ஆக்சிஜனைத் தொடர்ந்து தாங்குவதில்லை. ஆகவே பாலூட்டும் தாயை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியிலுள்ள தாயோடு மாற்ற வேண்டும். நான் அந்த மாற்றத்தை விவரித்திருந்தேனே தவிர, மாற்றுத் தாய்களை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. "எண்ணிக்கை பொருந்தவில்லை" என்ற ஒற்றை வரியோடு கோப்பு இருமுறை திரும்பி வந்தது. எந்த எண்ணிக்கை என்று கேட்டதற்கு நேரான பதில் கிடைக்கவில்லை. அதற்குள், நான் காத்திருந்த குட்டிகள் பருவம் கடந்து வளர்ந்துவிட்டன. தாய்களின் எண்ணிக்கையைத் தனி வரியில் எழுதுங்கள்.

ஆக்சிஜன் கூண்டில் 7 நாட்களும் சிக்கலின்றிக் கழிந்தன.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்னும் மனம் வலிக்கிறது. ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் காட்டும் ஐசோபுரோஸ்டேன்கள், சாதாரணக் காற்றில் வளர்ந்த குட்டிகளிலும் ஏறக்குறைய அதே அளவுக்கு உயர்ந்திருந்தன. எடுத்த நுரையீரல்களைப் பனிக்கட்டியின் மேல் வரிசையாக வைத்து, எல்லாம் முடிந்த பிறகே உறைய வைத்திருந்தேன். பின்னர் பங்கு பிரிப்பதற்காக ஒருமுறை உருகவும் விட்டேன். அராக்கிடோனிக் அமிலத்தைப் போன்ற, இரட்டைப் பிணைப்புகள் பல உள்ள கொழுப்பு அமிலங்கள் வெளிக்காற்றுப் பட்டாலே சங்கிலித் தொடராக ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. திசுவில் தங்கிய இரத்தத்தின் இரும்பு அதை விரைவுபடுத்துகிறது. உயிருள்ள நுரையீரலில் நேர்ந்த சேதத்தையும் என் மேசையில் நேர்ந்த சேதத்தையும், மூலக்கூறுகளை நிறையைக் கொண்டு அளக்கும் நிறைமாலைமானியால் பிரித்துச் சொல்ல முடியாது. இரட்டைப் பிணைப்பே இல்லாத, காற்றறைகள் ஒட்டிச் சுருங்காமல் காக்கும் பூச்சான சர்ஃபக்டன்டின் முதன்மை லிப்பிடான டைபால்மிட்டாயில் பாஸ்ஃபாட்டிடைல்கோலினின் அளவையாவது காப்பாற்றலாம் என்று பார்த்தேன். ஆனால் இழப்பைக் கணக்கிடத் தெரிந்த அளவில் சேர்க்கும் அகத் தரப்பொருளை, திசுவிலிருந்து லிப்பிடுகளைப் பிரித்தெடுத்த பின் சேர்த்திருந்ததால், இடையில் எவ்வளவு இழந்தேன் என்று கணக்கிட வழியில்லை.

இரண்டாம் முறை, இதயத்தின் வலக் கீழறை வழியாகக் குளிர்ந்த உப்புக் கரைசலைச் செலுத்தி இரத்தத்தை வெளியேற்றியதும் ஒவ்வொரு நுரையீரலையும் அப்போதே திரவ நைட்ரஜனில் இட்டேன். உறைந்த நிலையிலேயே பொடித்துப் பங்கு பிரித்தேன். லிப்பிடுகளைப் பிரித்தெடுக்கும் 2:1 குளோரோஃபார்ம்–மெத்தனால் கலவையில் ஆக்சிஜனேற்றத் தடுப்பானும் அகத் தரப்பொருளும் தொடக்கத்திலேயே இருந்தன. பிளாஸ்டிக் குழாய்களை ஒதுக்கிக் கண்ணாடிக் குழாய்களையே பயன்படுத்தினேன், ஏனெனில் குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்கிலுள்ள பொருட்களைக் கரைத்துக்கொண்டு வரும்.

அப்போதும் ஒரு பொறி மிச்சமிருந்தது. ஈர எடைக்கு ஒப்பிட்டுப் பார்த்தபோது, மிகை ஆக்சிஜன் பெற்ற குட்டிகளில் லிப்பிடுகள் அனைத்துமே குறைந்ததாகத் தெரிந்தது. அந்த நுரையீரல்களில் நீர் கோத்திருக்கும் என்று மூத்த ஆய்வாளர் ஒருவர் நினைவூட்டியிராவிட்டால் அப்படியே எழுதியிருப்பேன். புரத அளவையும் நம்ப முடியாது. கசியும் நீரோடு இரத்தப் புரதங்களும் வந்துவிடுகின்றன. செல்களின் எண்ணிக்கையைக் காட்டும் டிஎன்ஏ அளவுக்கு ஒப்பிட்டபோது அந்தப் பொதுவான சரிவு பெரும்பாலும் மறைந்தது. சேமிப்புக் கொழுப்பான டிரைகிளிசரைடின் குறைவு மட்டும் நிலைத்து நின்றது. கொழுப்புத் துளிகளைச் சேமித்து, சர்ஃபக்டன்ட் உருவாக்கும் செல்களுக்கு வழங்கும் லிப்போஃபைப்ரோபிளாஸ்டுகள் மிகை ஆக்சிஜனில் தம் இயல்பை இழக்கின்றன என்பதோடு இது ஒத்துப்போகிறது.

ஆண் குட்டிகளே கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றன என்பதால், பாலினத்தையும் முதல் நாளிலிருந்தே குறித்துவையுங்கள். முதல் தொகுதியில் அதையும் விட்டிருந்தேன்.

சாதாரணக் காற்றுக் குழுவின் ஐசோபுரோஸ்டேன் அளவு இம்முறை மிகவும் தாழ்ந்து, மற்றக் குழுவிலிருந்து தெளிவாக விலகி நின்றதைக் கண்டபோது நெடுநேரம் திரையை விட்டு எழ மனம் வரவில்லை. குட்டிகளைச் சாதாரணக் காற்றுக்குத் திருப்பி, வளர்ந்த பின் மறுபடியும் அளப்பதற்கான விண்ணப்பத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். மாற்றுத் தாய்களின் எண்ணிக்கை அதன் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.