லட்சம் பேருக்கு எத்தனை?

ஒரு சின்னப் புறநகர் ஊரின் காவல் துறையில் குற்றப் பதிவுகளைத் தொகுத்து அலசுவது என் வேலை. நான் ரோந்து போவதில்லை, யாரையும் கைது செய்ததும் இல்லை. வந்த புகார்களை எந்தத் தெரு, எந்த நேரம், என்ன வகை என்று பிரித்துப் பார்த்து மாதாமாதம் அறிக்கை கொடுக்க வேண்டும். ஆண்டுக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி, குற்ற விகிதம் என்று ஓர் எண் வெளியே போகும். மக்கள் கண்ணில் படுவது அந்த ஓர் எண்தான். “சார், அங்கே வீடு வாங்கலாம்னு இருக்கோம். போன வருஷம் குற்றம் ரெண்டு மடங்காயிடுச்சுன்னு சொல்றாங்களே, குழந்தைகளை வெச்சுக்கிட்டு இருக்கலாமா?” என்று கேட்பவர்களிடம் பேசுவதும் வேலையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. கேட்பவர்கள் உண்மையான கவலையோடு கேட்கிறார்கள். அந்த எண் அவர்களுக்கு உண்மையான பதிலைத் தருவதில்லை.

குற்ற விகிதம் என்பது நடந்த குற்றங்களை மக்கள்தொகையால் வகுத்து, லட்சம் பேருக்கு எத்தனை என்று சொல்வது. நாடுகளையும் பெருநகரங்களையும் ஒப்பிட இது நல்ல கருவி. ஆனால் எட்டாயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் ஓர் ஆண்டில் ஒரே ஒரு கொலை நடந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கொலை விகிதம் 12.5. ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகக் கணக்குப்படி 2021இல் உலக சராசரியே 5.8தான். ஆக, அந்த ஊர் உலக சராசரியைவிட இரண்டு மடங்கு ஆபத்தானது என்று ஒரு வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும். அடுத்த ஆண்டு கொலை நடக்காவிட்டால் விகிதம் பூஜ்யம். ஊர் மாறியிருக்காது, தெருக்களும் மனிதர்களும் அதேதான். சின்ன ஊரின் கணக்கை ஐந்தாண்டாவது சேர்த்துப் பார்க்காமல் ஏறியது, இறங்கியது என்று பேசுவதே தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

வகுக்கும் எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. குற்றத்தைக் குடியிருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுக்கிறோம். ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெரிய வணிக வளாகமோ, ரயில் நிலையத்தை ஒட்டி வாகன நிறுத்தமோ இருந்தால், பகலில் பல ஊர்க்காரர்கள் அங்கே வந்து போவார்கள். அவர்களிடம் பறிபோகும் பைகளும் அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து காணாமல் போகும் வண்டிகளும் ஊர்க்கணக்கில் ஏறும். வந்தவர்களின் தலைகள் மட்டும் வகுக்கும் எண்ணில் வராது. வளாகம் இல்லாத பக்கத்து ஊர் அமைதிப் பூங்காவாகத் தெரிவதற்கு இதுவும் காரணம்.

இன்னொன்று, எண்ணுவதற்கு முன்னால் பதிய வேண்டும். அமெரிக்காவில் 1973 முதல் வீடுவீடாகப் போய், உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கும் கணக்கெடுப்பு நடக்கிறது. சொத்து சம்பந்தமான குற்றங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான் போலீஸ் காதுக்கே போகிறது என்று அது காட்டுகிறது. போன புகார்களும் எல்லாம் ஏட்டில் ஏறுவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஐந்தில் ஒரு குற்றம் பதியப்படாமலே போகிறது என்று 2014இல் காவல் துறைகளின் செயல்பாட்டைத் தணிக்கை செய்யும் அலுவலகம் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு தொடக்கத்திலேயே, போலீஸ் பதிவுப் புள்ளிவிவரங்களுக்கு இருந்த ‘தேசியப் புள்ளிவிவரம்’ என்ற நம்பகத் தகுதி பறிக்கப்பட்டிருந்தது. எண்ணிக்கை குறைந்தால் பாராட்டு, கூடினால் கண்டிப்பு என்று வைத்தால் எந்த ஊரிலும் இதுதான் நடக்கும். பொறுமையாக உட்கார வைத்துப் புகார் எழுதிக்கொள்ளும் ஓர் அதிகாரி வந்தால், அந்த ஆண்டு குற்றம் கூடியதாகத்தான் ஏடு காட்டும். அந்தக் கூடுதலை நான் நல்ல செய்தியாகவே பார்ப்பேன்.

சரி, விகிதத்தை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது? சின்ன ஊருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஓர் ஆண்டின் எல்லாப் பதிவுகளையும் ஒருவரே ஒன்றுவிடாமல் வாசித்துவிடலாம். இந்த வேலையில் நான் மிகவும் மதிப்பது அந்த வாசிப்பைத்தான்.

பூட்டிய வீட்டுத் திருட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்குப் பூட்டிவிட்டுப் போனவர்கள் மாலை 6 மணிக்குத் திரும்பிப் பார்க்கும்போது பின்கதவு நெம்பப்பட்டிருக்கிறது. புகாரில் சம்பவ நேரம் என்று ஒரே ஒரு கட்டம். அதில் பெரும்பாலும் விழுவது 6 மணி, ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்த நேரம் அதுதான். இதை அப்படியே கூட்டினால் திருட்டெல்லாம் அந்தி வேளையில் நடப்பதுபோல் ஒரு வரைபடம் வரும். அதைப் பார்த்து ரோந்து வண்டியும் அந்தியில் சுற்றும். அதனால் ஒவ்வொரு பதிவிலும் கடைசியாக வீட்டைப் பார்த்தது எப்போது, திரும்பியது எப்போது என்று இரண்டு நேரமும் வாங்க வேண்டும். பத்து மணி நேர இடைவெளி என்றால், அந்தத் திருட்டை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்தில் ஒரு பங்காகப் பிரித்துப் போடுவோம். மதியமே ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்திருந்தால் இடைவெளி சுருங்கும், ஒவ்வொரு மணிக்கும் பங்கு கூடும். இப்படிப் பங்குகளைக் கூட்டிக்கொண்டே போனால், எந்த நேரத்தில் கனம் ஏறுகிறது என்று தெரியும். அயோரிஸ்டிக் பகுப்பாய்வு என்று துறையில் இதற்குப் பெயர். நாங்கள் இதைச் செய்தபோது எங்கள் ஊரில் கனம் ஏறியது முற்பகலில்.

யோசித்தால் அதில் வியப்பில்லை. புறநகர் என்பது காலையில் காலியாகும் ஊர். அமெரிக்க ஆய்வாளர்கள் லாரன்ஸ் கோஹனும் மார்கஸ் ஃபெல்சனும் 1979இலேயே இதை எழுதிவிட்டார்கள். திருடத் துணிந்த ஒருவன், எடுக்கத் தகுந்த பொருள், பார்த்துக்கொள்ள ஆளில்லாத நிலை, மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடினால் குற்றம் நடக்கும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகத் தொடங்கியதும் பகல் திருட்டு ஏன் கூடியது என்பதற்கும் அவர்கள் விளக்கம் அதுவே. மனிதர்கள் கெட்டுப்போனார்கள் என்ற முடிவுக்கு வர இதில் அவசியமே இல்லை. பகலில் வீடுகள் ஆளில்லாமல் கிடக்கத் தொடங்கின, அவ்வளவுதான்.

இடமும் இப்படித்தான். ஊரே கெட்டுவிட்டது என்பார்கள். வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் சில தெருத்துண்டுகள், அதாவது இரண்டு சந்திப்புகளுக்கு நடுவிலுள்ள தெருப்பகுதிகள், மட்டும்தான் நிரம்பியிருக்கும். குற்றவியல் ஆய்வாளர் டேவிட் வைஸ்பர்ட் பல அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து, பெரிய நகரங்களில் ஏறத்தாழ பாதிக் குற்றங்கள் நான்கு முதல் ஆறு சதவீதத் தெருத்துண்டுகளிலேயே நடக்கின்றன என்று காட்டினார். சிறிய நகரங்களில் அது இன்னும் சுருக்கம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். எங்கே நடந்தது என்று புகார்தாரருக்குத் தெரியாதபோது பதிவில் காவல் நிலையத்தின் முகவரியையே போட்டுவிடுவது பல இடங்களில் பழக்கம். அவற்றைப் பிரித்தெடுக்காவிட்டால் ஊரின் ஆபத்தான இடம் காவல் நிலைய வாசல் என்று வரைபடம் சொல்லும்.

என் வேலையின் போக்கையே மாற்றியது கிர்க்ஹோல்ட் பற்றிப் படித்ததுதான். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் உள்ள ஒரு குடியிருப்பு அது. 1980களில் அங்கே வீட்டுத் திருட்டு மிக மோசமாக இருந்தது. குற்றவியல் ஆய்வாளர் கென் பீஸும் அவரோடு வேலை செய்தவர்களும் பதிவுகளைப் பார்த்தபோது, ஒருமுறை திருட்டுப் போன வீட்டுக்கு மறுபடி திருடன் வரும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிடப் பல மடங்கு என்று தெரிந்தது. வீட்டின் அமைப்பு அவனுக்குப் பழகிவிட்டது, விட்டுப்போன பொருளும் நினைவில் இருக்கிறது, போன பொருளுக்குப் புதிது வாங்கி வைத்திருப்பார்கள் என்றும் அவனுக்குத் தெரியும். அதனால் எல்லா வீட்டுக்கும் காவல் என்று போகாமல், திருட்டுப் போன வீட்டின் பூட்டையும் ஜன்னலையும் உடனே பலப்படுத்தினார்கள். காசு போட்டு எரிவாயு வாங்கும் மீட்டர்களில்தான் திருடனுக்கு ரொக்கம் கிடைத்தது, அவற்றை அகற்றினார்கள். சுற்றியிருந்த ஐந்தாறு வீட்டாரிடம் கொஞ்ச நாள் கண் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஐந்து மாதத்தில் திருட்டு முன்பிருந்ததில் 40 சதவீதமாகக் குறைந்தது. மூன்று ஆண்டுகளில் முக்கால்வாசி போய்விட்டது.

இது சின்ன ஊருக்கென்றே அமைந்த வழி என்று எனக்குத் தோன்றியது. அதிகாரிகளும் கேட்டுக்கொண்டார்கள். இப்போது ஒரு வீட்டில் திருட்டு நடந்தால் அந்த வாரத்துக்குள் ஒருவர் மறுபடி அங்கே போகிறார். கைரேகை எடுக்க இல்லை, கதவு சரிசெய்தாயிற்றா என்று பார்க்க. பக்கத்து வீடுகளிலும் சொல்லிவிட்டு வருகிறார், ஏனென்றால் அடுத்த சில வாரங்களுக்கு அவர்களுக்கும் ஆபத்து கூடுதல். திருட்டுப் போனவர்களுக்குப் பொருளைவிட, யாரோ வீட்டுக்குள் நடமாடியிருக்கிறான் என்ற எண்ணம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. மறுபடி ஒருவர் வந்து கேட்டதே பெரிய ஆறுதல் என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் பாதுகாப்பு என்று மக்கள் பேசும்போது, வெளியிலிருந்து வரும் முகம் தெரியாதவனைத்தான் நினைக்கிறார்கள். 2021இல் உலகில் கொல்லப்பட்ட பெண்களிலும் சிறுமிகளிலும் ஏறத்தாழ 56 சதவீதம் பேரைக் கொன்றது கணவனோ துணைவனோ குடும்பத்தில் இன்னொருவரோதான் என்று ஐ.நா. கணக்கிட்டது. ஆண்களில் அது 11 சதவீதம். அமைதியான தெரு, நல்ல விளக்கு, கேமரா எல்லாம் இருந்தும் ஒரு வீட்டுக்குள் நடப்பதை இவை எதுவும் தடுக்காது.

எங்கள் அழைப்புப் பதிவேட்டில் சில முகவரிகள் திரும்பத் திரும்ப வரும். சத்தம் கேட்கிறது என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள், வண்டி போகும், ‘சமாதானமாகப் பேசி அனுப்பப்பட்டது’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். அப்புறம் சில வாரத்தில் அதே முகவரி. வழக்கு பதியாததால் குற்ற விகிதத்தில் இவற்றுக்கு இடமே இல்லை. ஒவ்வொரு அழைப்பும் வேறு வேறு பணிமுறை ஆட்களிடம் போவதால், இது எத்தனையாவது முறை என்று வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. அதனால் திரும்ப வரும் முகவரிகளைத் தனியாகத் தொகுத்து, கிளம்பும் வண்டிக்கு முன்கூட்டியே சொல்லும் ஏற்பாடு செய்தோம். போகிறவர்கள் இப்போது அந்தப் பெண்ணைத் தனியாக வைத்துப் பேசுகிறார்கள், அடுத்த நாள் இன்னொரு முறை கேட்கிறார்கள்.

வீடு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஐந்தாண்டுக் கணக்கையும், தெருவாரியான வரைபடத்தையும், முற்பகல் நேரத்தைப் பற்றியும் சொல்கிறேன். திரும்ப அழைப்பு வரும் வீடுகள் எத்தனை, அவற்றில் எத்தனை வீட்டில் அழைப்பு நின்றது என்ற இரண்டு எண்களையும் ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில், முகவரி இல்லாமல், விகிதத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று கேட்டுவருகிறேன். இதுவரை அச்சாகவில்லை. இந்த ஆண்டு அறிக்கைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.